ரேகை பதியாத விரல்

"அம்மா, உன் விரல்ல மட்டும் ஏன் கோடே இல்ல?"

ஒன்றாம் வகுப்பில் மகள் ஐஸ்வர்யா இப்படிக் கேட்டபோது பேச்சிச்செல்வி சிரித்தாள். "உப்பு தின்னுட்டுளா."

இன்று சிரிப்பு வரவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அரசின் இலவசப் பயிற்சி மையம். நாற்பத்தைந்து நாள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகினால் கண்டெய்னர் யார்டில் வேலை. ஆனால் இருபது வருடம் உப்பளத்தில் தேய்ந்த கட்டைவிரலை, வருகைப் பதிவு மெஷின் ஏற்க மறுத்தது. முதலில் பத்துத் தடவை அழுத்தினால் ஒரு தடவையாவது பதிந்தது. இந்த வாரம் அதுவும் இல்லை.

"நாலு நாள் ஆப்சென்ட்," என்றாள் மையத்தின் அலுவலர் கிருபாபாய், நிமிர்ந்து பாராமல். "நாளைக்கும் பதியலன்னா பேரு தானா அடிபட்டுரும்."

"தினமும் எட்டரைக்கே வந்து நிக்கேனே மேடம்!"

பயிற்சியாளர் ஜோன்ஸ் குறுக்கிட்டார். "வண்டியப் பின்னால எடுக்கதுல இந்தம்மாவ அடிக்க ஆளே கிடையாது மேடம். கேட்டா, 'உப்பு வாரும்போது பின்னாலயேதான சார் நடந்தேன்'னு சொல்லுதாங்க."

கிருபாபாய் சிரிக்கவில்லை.

ஜோன்ஸ் குரலைத் தாழ்த்தினார். "பேசாம அவங்க பேர்ல என் விரல ஏத்திருவோமா?"

"வேண்டாம் சார்!" பேச்சிச்செல்வி முந்திக்கொண்டாள். "இன்னொருத்தர் விரல்ல வாங்குன வேலைன்னு எம்பிள்ளகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"கேட்டுதா ஜோன்ஸ்?" கிருபாபாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மதியம் நான் லீவு. நாளைக்குப் பாப்போம்."

"சர்ச்சுல மட்டும் முதல் பெஞ்சு," என்று முணுமுணுத்தார் ஜோன்ஸ். "மனசு பூரா கல்லு."

மறுநாள் மேஜையில் ஒரு புதிய கருவி இருந்தது.

"கண்ணைப் பதியுற மெஷின். அரசாங்கம் அனுப்பிருக்கு," என்றாள் கிருபாபாய். "விட்டுப்போன நாலு நாளும் வந்ததுக்குக் கேமரா பதிவு அனுப்பியாச்சு. இங்கன பாரும்மா."

பச்சை விளக்கு எரிந்தது.

பயிற்சியின் கடைசி நாள். யார்டிலிருந்து ஆளெடுக்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். பேச்சிச்செல்வி சரக்கைத் தூக்கி, இரண்டு சுவர்களுக்கு நடுவே பின்னாலேயே ஓட்டிவந்து, நூல் பிடித்தாற்போல நிறுத்தினாள்.

"ஏலே, கை தட்டுங்கலே!" என்று கத்தினார் ஜோன்ஸ். ஐஸ்வர்யா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அலுவலக அறையில் கிருபாபாய் மட்டும் தனியாக ஜன்னலோரம் நின்றாள். லீவு போட்ட அன்று மதியம் திருநெல்வேலியில் மூன்று அலுவலகம் ஏறி இறங்கி, அந்த மெஷினைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பதினெட்டு வருடங்களுக்கு முன், உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே தான் எழுதிய பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை, தன் பங்குப் பாத்தி உப்பையும் சேர்த்து வாரிவிட்டு, "நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடுளா" என்று விரட்டிய பேச்சியக்காவை, மையத்துக்கு வந்த முதல் நாளே தனக்கு அடையாளம் தெரிந்துவிட்டதையும்தான்.