நேரமில்லாத பையன்

"பையனுக்கு மூச்சு விட நேரமில்ல மேடம். பகல்ல காலேஜ், சாயங்காலம் மர மில்லு. இதுல ஜூரின்னு ரெண்டு வாரம் இங்க வந்து உக்காரச் சொன்னா எப்படி?" என்றார் வெர்னன் நீமி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ரோக்ஸான் படிவத்தை வாங்கக் கையை மட்டும் நீட்டினாள். மிச்சிகனின் வடகோடியில் இருந்த அந்த நீதிமன்றத்தில், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஊர்மக்களை அழைக்கும் ஜூரிப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது பதினேழு வருடமாக அவள் வேலை. முதுகுவலி, மைத்துனி கல்யாணம், நாய்க்கு ஆபரேஷன் என்று காலையிலிருந்து எட்டுப் பேர் வந்து போய்விட்டார்கள். அவர்களெல்லாம் தங்களுக்காகக் கெஞ்ச வந்தவர்கள். இவர் மகனுக்காக வந்திருந்தார்.

கொட்டுகிற பனியில் நாற்பது மைல் வண்டி ஓட்டி வந்தாராம். பூட்ஸிலிருந்து வழிந்த நீர் அவர் காலடியில் குளமாகத் தேங்கியிருந்தது.

ரோக்ஸான் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள். கேலப் நீமி. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லித் தபாலில் கடிதம் வந்திருந்தது. இரண்டும் ஒரே கையெழுத்து. இரண்டிலும் ஒரே காரணம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், மாலையில் மில்லில் வேலை.

"மூணு வருஷமா ரெண்டாவது வருஷமே படிக்கிறானா உங்க பையன்?"

பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். வெர்னன் தன் கையிலிருந்த கம்பளித் தொப்பியை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

ரோக்ஸானுக்கு எரிச்சலாக வந்தது. அவள் மகள் நர்ஸிங் படித்தபடியே ஹோட்டலில் பரிமாறும் வேலையும் பார்த்தவள். ஜூரிக்குக் கூப்பிட்டபோது பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதே கட்டடத்தின் நடைவழியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். இவர் பிள்ளை என்னவென்றால் அப்பாவை அனுப்பிவிட்டு வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கிறான்.

அவன் நம்பரைக் கேட்டாள், தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். வெர்னன் கொஞ்சம் தயங்கினார். பிறகு எதையும் பார்க்காமல் பத்து எண்களையும் சொன்னார்.

அவள் டயல் செய்த மறு நொடி அவருடைய கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு இளைஞனின் குரல் எழுந்தது.

"யாரது? இருங்க, இதோ வரேன்."

குரலில் பாதிச் சிரிப்பு. பையன் விளையாட்டாகத் தன் குரலையே பதிவுசெய்து மணியோசையாக வைத்திருக்கிறான் போல. இருங்க, இதோ வரேன். இருங்க, இதோ வரேன். அந்த உயரமான கூடத்தில் அது மறுபடி மறுபடி ஒலித்தது. வெர்னன் போனை வெளியே எடுத்தார். அணைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது தானாக அடங்கும்வரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டான்," என்றார்.

போதும் என்றிருந்தது ரோக்ஸானுக்கு. மூன்றாவது தடவை தள்ளிவைக்கச் சட்டத்தில் இடமில்லை, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவன் இந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

"வரலைன்னா?"

"ஜட்ஜ் வாரன்ட் போடுவார். ஷெரிஃப் ஆளுங்க தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க."

எல்லோரிடமும் அவள் சொல்கிற வசனம்தான் அது. அந்த இடத்தில் எல்லோருக்கும் முகம் வெளிறிவிடும். வெர்னனின் கையில் சுற்றிக்கொண்டிருந்த தொப்பி நின்றது. அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார்.

வீட்டில் மட்டும்தான் தேடுவார்களா என்று கேட்டார். வீட்டில் இல்லையென்றால் மில்லில், அங்கேயும் இல்லையென்றால் சிநேகிதர்களிடம் என்றாள் அவள். வேறு ஊராக இருந்தால்? அவன் பெயர் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறிவிடும், எந்த ரோட்டில் எந்தப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினாலும் தெரிந்துவிடும் என்றாள். மிரட்டுகிற வேகத்தில் கொஞ்சம் கூட்டியே சொன்னாள்.

அவர் கண் கலங்கியிருந்தது. பயந்துவிட்டார் என்று பட்டதும் ரோக்ஸானுக்கு மனசு இளகியது.

"பயப்படாதீங்க சார். ஜட்ஜ் நாலு வார்த்தை திட்டிட்டு விட்டுருவார்."

"அடிக்க மாட்டாங்களே?"

"சேச்சே. பத்திரமா கூட்டிட்டு வருவாங்க."

வெர்னன் கண்ணாடி இடுக்கு வழியாகக் கையை விட்டு, தான் கொடுத்த படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான்காக மடித்தார். தள்ளிவைக்க வேண்டாம் என்றார். திங்கட்கிழமை அவன் வர மாட்டான், அதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் இன்றைக்கே அந்த வாரன்டைப் போடச் சொல்லுங்கள் என்றார்.

ரோக்ஸானுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார் பேசறீங்க? அவன் இப்ப எங்கதான் இருக்கான்?"

வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி அவர் இடுக்கின் அருகே குனிந்தார்.

"நாலு வருஷமா தெரியல மேடம். வயசு வந்த பையன், தானா வீட்ட விட்டுப் போனா தேட மாட்டோம்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. நீங்களாவது தேடுங்க."