நற்கருணை வரிசை

மூன்றாவது ஞாயிறாக ஷெர்லின் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை.

பாடகர் குழு மொத்தமும் வரிசையில் நகர, அவள் மட்டும் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சகாயம்மாள் டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மரியாயின் சேனை ஜெபக்குழுவின் தலைவி அவர். பொன்மலையில் எந்த வீட்டு விஷயமும் அவர் காதுக்கு வராமல் போகாது.

பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாது; அப்படியானால் பெரிய பாவம் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினார். இல்லாவிட்டால் பேங்க்கில் வேலை பார்க்கிற பெண் ஏன் இப்படி ஒதுங்க வேண்டும்? பக்கத்திலிருந்த லிசியும் அதையேதான் கிசுகிசுத்தாள்.

அடுத்த மாதம் திருவிழா. பாட்டுக்கு ஷெர்லின்தான் பொறுப்பு. ஃபாதரிடம் சொல்லி ஆளை மாற்றிவிட வேண்டியதுதான். அதற்கு முன் கேட்டுவிடுவோம் என்று, பூசை முடிந்ததும் வெளியே மாதா சிலை இருக்கும் கெபி பக்கம் அவளை நிறுத்தினார்.

நாலு பேர் பார்க்கத்தான் கேட்டார். யாரோடாவது பழக்கமா, வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் ஏதும் ஆகிவிட்டதா, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை நாளாகிறது.

ஷெர்லினின் விரல்கள் பாட்டுப் புத்தகத்தை இறுக்கின.

"போன வாரம்தான் பண்ணினேன் டீச்சர்."

"அப்புறம் என்ன?"

"ஒருத்தரை மன்னிக்க முடியலை. ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன். இந்த மனசோட வாங்க எனக்குக் கூசுது."

டீச்சருக்குத் தெம்பு வந்தது. இருபது வருஷம் மறைக்கல்வி எடுத்தவர். எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்ன ஆண்டவரைப் பற்றிக் குரலை உயர்த்தியே பேசினார். ஆள் யாரென்று சொன்னால் தானே போய்ப் பேசி முடித்து வைப்பதாகவும் சொன்னார்.

ஷெர்லின் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். பிப்ரவரியில் அவள் தங்கை ரஞ்சனி ஆபீஸ்காரர்களோடு முக்கொம்புக்குச் சுற்றுலா போயிருந்தாள். போனது பதினோரு பேர். அந்த போட்டோவில் ரஞ்சனியையும் கூட வேலை பார்க்கும் ஒரு பையனையும் மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் பரப்பினார்கள். அது கோயில் பங்கு வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு தடவை வாசித்த பிறகு ரஞ்சனியின் கல்யாணம் நின்றுபோனது. ரஞ்சனி இன்னும் வாசல் தாண்டவில்லை.

வரதட்சணைத் தகராறில் நின்றது என்றுதான் டீச்சர் கேள்விப்பட்டிருந்தார். அவருக்குக் கோபம் பொங்கியது.

"நம்ம குரூப்லயா? அதைப் போட்டது யாரும்மா?"

ஷெர்லின் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் டீச்சர். வந்ததை அப்படியே போட்டுட்டு, கீழே 'நம் பெண்பிள்ளைகளுக்காக ஜெபிப்போம்'னு எழுதியிருந்தீங்க."