அரை மில்லி காபின்

"காபி குடிச்சுக் குடிச்சே பெத்த புள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுக்க வச்சுட்டா. இவளெல்லாம் ஒரு அம்மா."

வார்டு வாசலில் நின்று அவன் சொன்னது வராந்தா முழுக்கக் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை.

ஏழாம் மாசத்திலேயே பிறந்த குழந்தை. எடை ஒண்ணேகால் கிலோ. பிறந்து இன்றோடு ஒன்பது நாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒன்பது நாளாக இதே பாட்டுதான் என்று ஆயா சொன்னாள். நர்ஸ் இந்த வார்டுக்கு மாறி வந்து இது முதல் நாள். அதற்குள் அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"சார், மெதுவா பேசுங்க. உள்ள பன்னெண்டு குழந்தைங்க இருக்கு."

"நீங்களே சொல்லுங்க சிஸ்டர். ஆபீஸ்ல மெஷின் வச்சு ஓசில ஊத்துறான்னு, வயித்துல புள்ளையோட காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடிச்சிருக்கா. கேட்டா தலைவலியாம்."

"அதுக்காக இப்படியா..."

"முடிவு பண்ணிட்டேன். டிஸ்சார்ஜ் ஆனதும் புள்ளை நேரா எங்கக்கா வீட்டுக்குப் போகுது. மூணு பெத்து வளத்தவ. இவகிட்ட விட்டா இருக்கற உசுரும் போயிடும்."

மனைவியின் விரல்கள் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன. வாயைத் திறந்து ஏதாவது சொல்லித் தொலையேன் என்று நர்ஸுக்கு இருந்தது.

மருந்து கொடுக்கும் நேரம். அவனும் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். நர்ஸ் அரை மில்லியை அளந்து எடுத்து, குழந்தையின் வாயில் போட்டிருந்த மெல்லிய குழாய் வழியாக இறக்கினாள்.

அவன் லிப்ட் மெக்கானிக். எந்தப் பொருளைப் பார்த்தாலும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுவான். காலிக் குப்பியை எடுத்துத் திருப்பினான்.

"'காபின்'னு போட்டிருக்கு. காபில இருக்குமே, அதுவா?"

"அதேதான்."

"எம்புள்ளைக்குக் காபியா குடுக்கறீங்க? யார்கிட்ட கேட்டுக் குடுத்தீங்க?"

குப்பியோடு டாக்டர் அறைக்குப் பறந்தான். போகிற வழியில் மெஷினில் ஒரு காபி பிடித்துக்கொள்ள மட்டும் மறக்கவில்லை. நர்ஸும் பின்னாலேயே ஓடினாள்.

டாக்டரம்மா காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவள். குப்பியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உக்காருங்க. உங்க மூளைக்குள்ள 'போதும், தூங்கு'ன்னு சொல்ற ஒரு பொருள் ஊறிக்கிட்டே இருக்கும். அது உக்கார வேண்டிய இடத்துல காபின் போய் உக்காந்துக்கும். அதனாலதான் காபி குடிச்சா தூக்கம் வர்றதில்ல. புரியுதா?"

"அது பெரியவங்களுக்கு."

"உங்க குழந்தைக்கு மூளை இன்னும் முதிரலை. நடுவுல நடுவுல மூச்சு விடறதையே மறந்துடறான். இந்த மருந்து அந்த மூளையைத் தட்டி எழுப்பிக்கிட்டே இருக்கு. உங்களுக்குள்ள போனா அஞ்சாறு மணி நேரத்துல பாதி இறங்கிடும். அவனுக்கு மூணு நாலு நாளாகும். அதனால ஒரு நாளைக்கு அரை மில்லி போதும். அதுலதான் அவன் மூச்சு விட்டுட்டிருக்கான்."

அவன் கப்பைப் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப... அவ குடிச்ச காபி?"

"ரெண்டு கப்புக்கெல்லாம் குழந்தை முன்னாடியே வந்துடாது. உங்க மனைவிக்கு ரத்தக்கொதிப்பு எக்கச்சக்கமா ஏறிடுச்சு. வெளிய எடுக்கலேன்னா ரெண்டு உசுரும் போயிருக்கும். அது அவங்க தப்பும் இல்ல, யார் தப்பும் இல்ல." டாக்டரம்மாவின் பார்வை அவன் கைக்குப் போனது. "உங்க கை ஏன் இப்படி நடுங்குது?"

"கோபத்துல."

"இது இன்னைக்கு எத்தனாவது கப்பு?"

"ஏழு."

"பாதிக் கோபம் அதுல இருந்து வருது. மிச்சப் பாதிக்கு எங்கிட்ட மருந்தில்ல. போய் அந்தப் பொண்ணுகிட்டப் பேசுங்க."

அவன் எழுந்து போனான். மனுஷன் காலில் விழாவிட்டாலும் ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று நர்ஸ் நினைத்தாள். வார்டு கதவருகே வந்து நின்றாள்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"இங்க பாரு. நடந்தது நடந்துபோச்சு. நான் மன்னிச்சுட்டேன். புள்ளை உங்கிட்டயே இருக்கட்டும். அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"டாக்டர்கிட்டப் போனீங்களே, என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க. இனிமேலாவது காபியைத் தொடக்கூடாதுன்னு சொன்னாங்க."

"சரிங்க."

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். "அக்கா, பாவம் பாத்து விட்டுட்டேன்க்கா. நானும் மனுஷன்தானே..." என்பது மாடிப்படி திரும்பும் வரை கேட்டது.

நர்ஸுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நேராகப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"ஏம்மா, அந்த ஆள் உங்ககிட்டப் பச்சைப் பொய் சொல்லிட்டுப் போறார். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. காரணம் ரத்தக்கொதிப்பு. நீங்க குடிச்சீங்கன்னு திட்டறாரே, அதே காபின்தான் இப்ப உங்க புள்ளைக்கு மூச்சே குடுக்குது. டாக்டர் என் கண்ணு முன்னால அவர்கிட்டச் சொன்னாங்க."

மனைவி துப்பட்டாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"தெரியும் சிஸ்டர். முதல் நாளே டாக்டர் எல்லாத்தையும் விளக்கிச் சொன்னாங்க. மருந்துக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டதே நான்தான்."

"அப்புறம் ஏன் ஒன்பது நாளா வாயே திறக்கல?"

"நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னுவார். அவருக்கே தெரிய வரும்போது எங்கிட்ட வந்து என்ன சொல்றார்னு பாக்கணும்னு இருந்தேன்."

கை கழுவுவதற்காக எழுந்தாள்.

"பாத்துட்டேன்."