விரும்பினால் படிக்கும் பாடம்

பெயரைக் கூப்பிட்டதும் யூலிற்றா எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் சரிந்து விழுந்தது.

மண்டபத்தில் சிரிப்பு. அவளும் சிரித்தாள். கதிரையை நிமிர்த்தக்கூட நிற்கவில்லை. நேரே ஒலிவாங்கிக்கு நடந்தாள்.

பள்ளிக்கூடப் பாடத்திட்டத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்று கிளிநொச்சியில் அன்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்கும் யூலிற்றா இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். காலையிலிருந்து பேசியவர்கள் எல்லோரும் கணிதம், ஆங்கிலம், கணினி என்றே கேட்டார்கள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஐயா, நான் குடியியலுக்காகக் கதைக்க வந்தனான்," என்றாள்.

குழுவின் தலைவர் கனகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பாடத்தின் பெயரை அன்று அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் பாடமாக்கி வந்தது முழுவதும் மறந்துபோயிற்று. ஆனால் வாய் நிற்கவில்லை.

கரை வீதிக்கு வரவேண்டிய பஸ் மூன்று வருஷமாக வராததைச் சொன்னாள். மீன்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் சந்திவரை நடந்ததைச் சொன்னாள். வாக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் மாலை போட்டு முறையிட்டதைச் சொன்னாள்.

பிறகு ஒருநாள், பத்தாம் வகுப்புக் குடியியல் புத்தகத்தில் ஒரு பக்கம். மக்கள் அலுவலகங்களிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். கேட்டால் அவர்கள் பதில் சொல்லவேண்டும். அதை அவள் மூன்றுதரம் வாசித்தாள்.

"பஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டனான். பதில் வந்தது ஐயா! எங்கட பஸ் ஒவ்வொரு நாளும் ரண்டுதரம் ஓடுதாம். கடதாசியில!"

மண்டபமே சிரித்துக் குலுங்கியது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு பதினொரு பெண்கள் அலுவலக வாசலில் போய் நின்றார்கள். அடுத்த திங்கட்கிழமை பஸ் வந்தது. கரை முழுக்கக் கேட்க ஹோன் அடித்தபடி வந்தது. யூலிற்றா முன் சீற்றில் ஏறி, இறங்கவேண்டிய சந்தியில் இறங்காமல், கடைசித் தரிப்பிடம்வரை போய்த் திரும்பி வந்தாள். சும்மாதான்.

"இப்பிடியொரு பாடத்தை, விரும்பினால் படி எண்டு விடலாமோ? கணக்கு மாதிரி இதையும் எல்லாருக்கும் கட்டாயமாக்குங்கோ!"

மூன்று நிமிடம் முடிந்ததென்று மணி அடித்தது. கனகலிங்கம் கையைக் காட்டி மணியை நிறுத்தினார்.

"பிள்ளையளுக்கு ஏற்கெனவே சுமை கூட, தங்கச்சி," என்றார். மறுப்பவர் குரலாக அது இல்லை. அவளை இன்னும் கொஞ்சம் பேசவைக்கக் கேட்டதுபோல இருந்தது. "இன்னொரு பாடமும் கட்டாயமெண்டால் சோதனை எழுதுற பிள்ளை அழாதோ? உங்கட பிள்ளையையே கேட்டுப் பாருங்கோ. எத்தினையாம் வகுப்பு?"

யூலிற்றாவுக்கு முகம் சூடேறியது. கேலி பண்ணுவார்கள் என்று பயந்து, இதை அவள் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. விண்ணப்பத்தைக்கூட ஒளித்துத்தான் நிரப்பினாள். இப்போது அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை.

"எனக்குப் பிள்ளையள் இல்லை, ஐயா. இந்தமுறை பதினோராம் வகுப்பு ஓ.எல் சோதனை எழுதுறது நான்தான்."

பின்வரிசையில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள்.

"ரண்டாயிரத்து எட்டு மார்கழியில எழுதியிருக்கவேண்டியது," என்றாள், சிரித்தபடியே.

போர் நெருங்க ஊர் ஊராக ஓடிய அந்த மாதத்தை அங்கிருந்த ஒருவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கனகலிங்கம் குனிந்து அவளுடைய கோரிக்கையை எழுதத் தொடங்கினார். எழுதியதை அவளுக்குச் சத்தமாக வாசித்தும் காட்டினார்.