மிச்ச நாலு இலக்கம்

“இதை விக்கிறவனுக்கு வீட்டிலை பெண்சாதி பிள்ளையள் இல்லையோ, அண்ணை?”

சுதாஜினி இரண்டு போத்தல்களையும் மருந்துக்கடை மேசையில் டக்கென்று வைத்தாள். ஒன்றில் அமினோ அமிலப் பவுடர். மற்றதில் சாப்பாடு செமிப்பதற்கான நொதியக் கப்சூல்கள். கிளிநொச்சியில் பஸ் ஏறியவள் தர்மபுரத்தில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தாள். அவளுடைய புருசன் பிரசாந்தன் ஆஸ்பத்திரியில் மூக்கில் பஞ்சடைத்தபடி கிடந்தான். முந்தாநாள் தொடங்கிய இரத்தம் நிற்பதும் வழிவதுமாக இருந்தது.

கடைக்காரர் தவராசாவுக்கு அந்த வீட்டு வருத்தமெல்லாம் தெரியும். பிரசாந்தனுக்கு இதய வால்வு மாற்றிய நாளிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்கும் குளிசையை மாதாமாதம் எண்ணிக் கொடுப்பவரே அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டார்.

சுதாஜினி கொட்டித் தீர்த்தாள். ஒப்பரேசனுக்குப் பிறகு மனிசன் மெலிந்துபோனது. போன அறுவடையில் நெல்மூட்டையைத் தூக்கமாட்டாமல் நாலுபேர் பார்க்கக் கீழே விட்டது. அந்த வெட்கத்தில் போனில் எவனோ ஒரு ‘போசாக்கு ஆலோசகரை’ப் பிடித்தது. படத்தில் புடைத்த புயம் மட்டும்தான், முகம் இல்லை. ஒருநாளும் பேசவில்லை, எல்லாம் எழுத்தில்தான். பவுடர் உடம்பில் ஒட்ட வேண்டுமென்றால் கப்சூலும் சேர்த்துப் போட வேண்டும் என்று சொல்லி, இரண்டையும் பார்சலில் அனுப்பியிருக்கிறான்.

தவராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“தங்கச்சி, அமினோ அமிலம் எண்டது செமிச்சு முடிஞ்ச புரதம். அதைச் செமிக்க வைக்க இன்னொரு கப்சூல் என்னத்துக்கு? சுகமான ஆள் சாப்பாட்டோடை போட்டால் பெரிசா ஒண்டும் செய்யாது. ஆனால் இது அன்னாசியிலை இருந்து எடுக்கிற நொதியம். இரத்தம் உறையாமல் குளிசை போடுற ஆள், டொக்டரைக் கேக்காமல் இதைத் தொடவே கூடாது.”

“இவர் அவனிட்டைக் கேட்டவர், அண்ணை. வால்வு மாத்தினதையும் சொல்லி, குளிசையின்ரை பேரையும் எழுதித்தான் கேட்டவர். ஒரு பிரச்சினையும் இல்லை, தாராளமாப் போடுங்கோ எண்டு மறுமொழி வந்தது.”

தவராசா உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தார். “தெரிஞ்சுகொண்டு செய்தவனைப் பொலிசிலை பிடிச்சுக் குடுத்து மறியலிலை போடோணும்.”

சுதாஜினிக்கு அழுகை வந்தது. இரண்டு நாளாக டொக்டரும் தாதியும் மாமியாரும் மாறி மாறி பிரசாந்தனைத்தான் ஏசினார்கள். கண்ட கண்ட குப்பையை ஏன் வாங்கி விழுங்கினாய் என்று கேட்டார்களே தவிர, விற்றவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்காகக் கோபப்பட்ட முதல் மனிதர் இவர்தான். இந்த ஊர்ச் சனத்துக்கு இப்படி ஒருவர் இருப்பதே பெரிய காரியம் என்று நினைத்தாள்.

இப்போதே சுகாதாரப் பணிமனைக்குப் போய் முறைப்பாடு கொடுக்கப்போவதாகச் சொன்னாள். தவராசா தடுத்தார். புருசன் கட்டிலில் கிடக்கிறபோது அவள் எதற்குக் கந்தோர் கந்தோராக அலைய வேண்டும்? அவரே எழுதி, கடை முத்திரையும் குத்தி, நாளைக்குத் தன் கையால் கொடுத்துவிடுவார். போத்தல்களைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிவரும், அவையும் இங்கேயே இருக்கட்டும்.

கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, வட்ட வட்ட எழுத்தில் மளமளவென்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். வெட்கம் கெட்ட வியாபாரி, மனித உயிரோடு விளையாடும் கயவன் என்றெல்லாம் அதில் இருந்தது. சுதாஜினிக்கு மனம் குளிர்ந்தது.

“இனி அவன்ரை நம்பரைச் சொல்லுங்கோ.”

போனைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். ஆறாவது இலக்கத்தில் மணி அடித்தது. பிரசாந்தன்தான்.

“இரத்தம் நிண்டிட்டுது. நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை விடுவினமாம்,” என்றான்.

சுதாஜினி பக்கத்துக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். செய்தியைச் சொன்னதும் தவராசா கடவுளைக் கும்பிட்டார். சந்தியில் அடுத்த பஸ் நிற்கிறது, ஓடிப்போய் அவனைப் பாருங்கோ என்று அவசரப்படுத்தினார். அவளும் எழுந்து வாசல்வரை போனாள். அப்போதுதான் நினைவு வந்தது.

“அண்ணை, மிச்ச நாலு இலக்கமும் நான் சொல்லேல்லை.”

“அதெல்லாம் சரி. நீங்கள் வெளிக்கிடுங்கோ, தங்கச்சி.” அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப்போனார்.

அவருக்குப் பதற்றத்தில் விளங்கவில்லைப்போல என்று சுதாஜினி நினைத்தாள். அரைகுறை நம்பரோடு முறைப்பாடு போனால் அந்தக் கயவன் தப்பிவிடுவான். உரிமையோடு எட்டி, தாளை அவர் கையிலிருந்து எடுத்து விரித்தாள். எழுதுவதற்குப் பேனையையும் கேட்டாள்.

பேனைக்கு வேலை இருக்கவில்லை. அவள் சொன்ன ஆறுக்குப் பக்கத்தில், சொல்லாத நாலும் அதே வட்ட எழுத்தில் இருந்தன. போனைத் திறந்து வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிழையில்லை.

“அந்தப் போத்தல் ரெண்டையும் இஞ்சை தாங்கோ,” என்றாள். இந்தமுறை ‘அண்ணை’ வரவில்லை.