தெற்கு ஜன்னல்

பகல் இரண்டு மணிக்கு எலாடியோ தெற்கு ஜன்னலின் ஷட்டரை மேலே ஏற்றினார்.

பக்கத்துப் பட்டையை இழுக்க இழுக்க, சட்டங்கள் கடகடவென்று சுருண்டு மேலே போயின. வெயில் கூடத்துக்குள் வந்து விழுந்தது.

கோர்தோபாவில் ஆகஸ்ட் மாதம் யாரும் இப்படிச் செய்வதில்லை. தெரு சூடேறும் முன்பே ஷட்டர்களை இறக்கிவிட்டு, வீட்டை இருட்டாக வைத்துக்கொள்வார்கள். காற்று ஆறிய பிறகுதான் ஏற்றுவார்கள்.

இந்த வீட்டில் அது அவர் மனைவி விசென்டாவின் வேலை. ஒரு கீற்று வெயில்கூட உள்ளே வராது. அண்டை வீடுகளில் நாளெல்லாம் ஏசி இரைந்துகொண்டிருக்கும்போது, இங்கே மாலையில் சிறிது நேரம் ஓடினால் போதும்.

நேற்றிலிருந்து அவர்கள் வீட்டில் இல்லை. உடை மாற்றிக்கொள்ள மட்டும் இப்போது வந்திருந்தார்கள்.

எதிர்வீட்டு மாடியில், ஷட்டரின் இடுக்கு வழியாகப் பாக்கா குரல் கொடுத்தாள். அவள் அன்று காலைதான் கடற்கரையிலிருந்து ஊர் திரும்பியிருந்தாள்.

"என்ன எலாடியோ, வெயிலுக்கு விருந்து வைக்கிறியா? உள்ள உட்கார வெச்சு ஒரு பீரும் குடு!"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விசென்டா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடி வந்தாள்.

"பைத்தியமா உனக்கு? சுவரெல்லாம் சூடேறிடும். ராத்திரி பூரா ஏசி போட்டாலும் ஆறாது."

பட்டையை அவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை.

கண் கூசும் வெயிலுக்கு எதிரே அவர் அப்படியே நின்றார். கழுத்தில் வேர்வை வழிந்தது. துடைக்கவில்லை. தரை ஓடுகள் சூடேறிக்கொண்டிருந்தன. வெறுங்காலில் அது தெரிந்தும் அவர் நகரவில்லை.

விசென்டா பட்டையை மறுபடியும் பற்றி இழுத்தாள்.

அப்போதுதான் அவர் பேசினார். யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோல இருந்தது குரல்.

"நம்ம பொண்ணைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு குளிர்ல படுக்க வெச்சிருக்காங்க. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஏசி ஆகாதுன்னு சொன்னேன். ஒரு போர்வை கேட்டேன், விசென்டா. சாயங்காலம் அடக்கம் பண்ற வரைக்கும் அப்படித்தான் இருக்கணுமாம்."

விசென்டாவின் கை பட்டையிலிருந்து நழுவியது.

அவள் உள்ளே போனாள்.

மகள் நூரியாவின் அறையில் ஷட்டர் மேலே ஏறும் சத்தம் கேட்டது.

பிறகு சமையலறையில்.