பேரம் கிடையாது

"டஜன் அஞ்சு ரூபாயா? ஏன் பாய், வளையல் கண்ணாடியா, தங்கமா?"

வையம்பட்டி ரெங்கம்மாள் சீறினாள். தை பிறந்ததும் மகளுக்கு வளைகாப்பு. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்தால் நசுருதீன் கடையில்தான் வளையல் வாங்குவாள். வாய் வலிக்கப் பேசி, பாதி விலைக்கு அடித்து, கொசுறும் பிடுங்காமல் போனதில்லை.

"பேரம் கிடையாது ஆத்தா. வேணும்னா எடுங்க, இல்லைன்னா நடையைக் கட்டுங்க."

கடையை மொய்த்திருந்த பெண்கள் எடுத்த வளையலைக் கீழே வைத்தார்கள். இரண்டாவது உலகச் சண்டை முடிந்த வருஷம் அது. திருவிழாவில் குண்டு வெடிக்கும் என்று எவனோ மிரட்டியதால், போலீஸ் மூட்டை முடிச்சையெல்லாம் பிரித்துப் பார்த்தே உள்ளே விட்டது. அப்படியும் அந்தக் கடைச் சந்தில் எள் போட்டால் எள் விழாது.

"குண்டுப் புரளியில யாவாரம் படுத்துடும்னு இப்பவே எங்க தலையில மிளகாய் அரைக்கிறீங்களா?" என்றாள் ஒருத்தி.

"வாங்கடி, பொரியாவது வாங்குவோம்" என்றாள் இன்னொருத்தி.

பொரிக்கடை அழகிரியும் மூன்று மடங்கு விலை சொன்னார். "பேரம் கிடையாதும்மா." பொம்மைக்கடை மூக்கனிடமும் அதே பல்லவி.

"எல்லாரும் கூடிப் பேசிட்டானுங்க!"

சந்து முனையில் நின்ற இன்ஸ்பெக்டர் அமிர்தராஜிடம் ரெங்கம்மாள் முறையிட்டாள். "நீங்களே கேளுங்க சார் இந்த அநியாயத்தை!"

"அவங்க சரக்கு, அவங்க விலை. தெற்கு வீதியில சல்லிசாம், போங்கம்மா."

"ஓகோ, போலீசுக்கும் பங்கு இருக்கா?"

கூட்டம் கலைந்தது. வியாபாரியைத் திட்டிக்கொண்டு போகிறவர்கள் ஓடமாட்டார்கள். நாலடிக்கு ஒரு தரம் நின்று, திரும்பி, இன்னொரு வசவு வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

"பாய், இனி உங்க கடைப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்!"

பல வருஷ வாடிக்கை. நசுருதீன் அவள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்து காலியானதும் அமிர்தராஜ் ஓடிவந்தார். "எந்திரிங்க பாய், சீக்கிரம்! நான் மட்டும் 'குண்டு'ன்னு கத்தியிருந்தா, மிதிபட்டே பாதிப் பேர் போயிருப்பாங்க. விலையை ஏத்திக் கூட்டத்தைக் கலைக்கலாம்னு நல்ல யோசனை சொன்னீங்க."

நசுருதீன் இறங்கியதும், அவர் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் டிக் டிக்கென்று ஒலித்துக்கொண்டிருந்த தகர டப்பாவைப் போலீஸ்காரர்கள் மணல் வாளியில் வைத்துக் கொள்ளிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சற்று நேரத்தில் ஆற்றுப் பக்கம் 'டமார்' என்று கேட்டது. கோயில் அதிர்வேட்டு என்று நினைத்த ரெங்கம்மாள், தெற்கு வீதியில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்:

"ரெங்கநாதா, அந்தப் பாய்க்கு நல்ல புத்தியைக் குடுப்பா!"